கட்டற்ற கணினிக் கருவிகளும் எம் இளையோரின் ஆய்வெழுத்தும்

(ஒஸ்லோவில் பெற்றோருக்கும் உயர்கல்வி பயிலும் இளையோருக்குமென நடாத்தப்பட்ட கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஆய்வுக்கும் எழுத்துக்கும் பயன்படக்கூடிய இலவசக் கணினிக் கருவிகள் குறித்துப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அந்த 'இலவசம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். ஆங்கிலத்திலே விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல்லே குறிக்கின்றது. 1983 ஆம் ஆண்டு றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர் குனூ திட்டத்தை அறிவித்த நாள் தொடக்கம், தாம் கூறுவது விலையைப் பற்றியல்ல, உரிமையைப் பற்றியே என்று அவ்வியக்கத்தினர் விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்கள். இந்த நாட்டிலே அத்தொல்லை இல்லை. நோர்வேஜிய மொழியில் 'கிராத்திஸ்' என்பது வேறு, 'ஃப்ரி' என்பது வேறு. எமது மொழியிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு வாங்காமல் தரப்படும் பொருளுக்கு வேறு வழியால் விலை கொடுக்க நேரிடலாம். கட்டற்ற மென்பொருளோ அதன் மூல நிரல் எவருக்கும் திறந்திருப்பது. அதனைப் படிக்கலாம், திருத்தலாம், தமிழாக்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். இந்த வேறுபாடு பிற்பகுதியிலே ஒரு தாயின் வாக்குமூலத்தோடு தொடர்புபட்டு மீண்டும் வரும். ஆகையால் இதனை மனதில் இருத்திக் கொள்ளுங்கள்.

கருவிகளுக்குச் செல்லுமுன் எம்மவர் ஒருவரை நினைவுகூர விரும்புகின்றேன். 1913 ஆம் ஆண்டு ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பொன்னிலே பிறந்த தனிநாயகம் அடிகளார் தமிழ் தொடர்பான பழைய அச்சு நூல்களைத் தேடி ஐரோப்பாவின் நூலகங்களுக்கெல்லாம் பயணஞ் செய்தவர். 1679 ஆம் ஆண்டு அச்சான புறொயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் பிரதியொன்று வத்திக்கான் நூலகத்திலே இருந்தது. அதனை அடிகளார் 1966 ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே நிழற்பதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டு, அங்கேதான் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் கூடியது. தமிழியல் சார்ந்த நூல்களின் உசாத்துணைப் பட்டியல் ஒன்றையும் அவர் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். கப்பலேறியும் கடிதமெழுதியும் கையாற் குறிப்பெடுத்தும் அவர் தொகுத்த வகையான பட்டியலை இன்று நீங்கள் குரூறுடாலனில் உங்கள் அறையில் இருந்தவாறே தொகுக்கலாம். அதற்கான கருவிக்கு ஒரு குரோனரும் செலவில்லை.

அக்கருவியின் பெயர் ஸொட்டேரோ. அல்பேனிய மொழியில் ஒன்றைக் கற்றுத் தேர்தலைக் குறிக்கும் சொல்லில் இருந்து எடுக்கப்பட்ட பெயராம். அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர்கள் 2006 ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார்கள். வரலாற்றாசிரியர்களே உருவாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்கள் தமக்காகச் செய்துகொண்ட கருவி இது. 2008 ஆம் ஆண்டு, விலைக்கு விற்கப்படும் இதே வகை மென்பொருளின் உரிமையாளராக அப்போதிருந்த தொம்சன் றொய்ட்டர்ஸ் நிறுவனம் அப்பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2009 இலே அவ்வழக்கு நீதிமன்றத்தினால் தள்ளுபடி செய்யப்பட்டது. கருவியும் தப்பிப் பிழைத்தது. இன்று இலாப நோக்கற்ற அமைப்பொன்று அதனைப் பேணி வருகின்றது.

அது செய்வது இதுதான். நீங்கள் இணையத்தில் ஒரு கட்டுரையையோ நூலகப் பட்டியலில் ஒரு நூலையோ காணும்போது, உலாவியிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், பக்கம் என்பன உங்கள் கணினியிலே பதிவாகிவிடும். கட்டுரை எழுதும்போது மேற்கோள் இடவேண்டிய இடத்திலே அதனை அழைத்தால் அடைப்புக்குறியையோ அடிக்குறிப்பையோ அதுவே எழுதும்; இறுதியில் உசாத்துணைப் பட்டியலையும் அதுவே அகரவரிசைப்படுத்தித் தரும். உங்கள் விரிவுரையாளர் ஏபிஏ முறை வேண்டாம், சிக்காகோ முறையே வேண்டும் என்று கடைசி வாரத்தில் மனம் மாறினால், ஒரு சொடுக்கில் முழுவதும் மாறிவிடும். மைக்ரோசொப்ட் வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் இது இயங்கும். நூல்களின் விபரங்களை எத்தனையாயினும் இணையத்தில் ஒத்திசைவு செய்யலாம். பீடிஎப் கோப்புகளுக்கு மட்டும் 300 மெகாபைட் வரையே இலவசம். அதற்கு மேல் வேண்டுமாயின் கோப்புகளை உங்கள் கணினியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். பணம் கட்டவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இவ்வளவும் கைநூலிலேயே இருக்கின்றன. கைநூலில் இல்லாத ஒன்று உண்டு. அதுவே தமிழ் மாணவருக்குத் தலைவலி. எமது பெயர்கள்.

சில காலத்துக்கு முன்னர் மாணவியொருவர் தமது முதுமாணி ஆய்வேட்டின் வரைவை என்னிடம் கொண்டு வந்தார். உசாத்துணைப் பட்டியலிலே பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி மூன்று வேறு மனிதராக நின்றார். ஆங்கில நூல்களிலே அவர் ஒப்பமிடும் எழுத்துக்கூட்டலில் ஒருவர். பெரும் நூலகங்களின் ஒலிபெயர்ப்பு விதிப்படி, 'ச' கரத்தைச் 'சி' என்ற ஆங்கில எழுத்தினால் எழுதி மேலே கோடிட்ட இன்னொருவர். 'கார்த்திகேசு' என்பதனைக் குடும்பப் பெயராகக் கொண்ட மூன்றாமவர். 'இவர்கள் சகோதரர்களா' என்று மேற்பார்வையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். மாணவி அழவில்லை, சிரித்தார். ஆனால் அந்தப் பட்டியலைத் திருத்துவதற்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

இதற்குக் காரணம் எளியது. மேற்குலக மென்பொருள்கள் ஒவ்வொரு மனிதருக்கும் முதற்பெயரும் குடும்பப்பெயரும் உண்டென்று எண்ணிக்கொள்கின்றன. எமக்கு இருப்பது தந்தையின் பெயரும் தன் பெயரும். ஸொட்டேரோவிலே ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உள்ளன. அவற்றின் அருகிலுள்ள சிறு குறியை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'சிவத்தம்பி, கா.' என்று எழுதுவதா, முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதுவதா என்று முதல் நாளே முடிவெடுங்கள். முடிவெடுத்ததனை இறுதிவரை மாற்றாதீர்கள். தமிழ் நூலின் தலைப்பை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் பொருளைச் சதுர அடைப்புக்குள் தருவது ஏபிஏ முறை. அந்த ஒலிபெயர்ப்பிலும் ஒரே விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். நூலகத்திலே தேடும்போது மட்டும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கைலாசபதி அவர்களின் 1968 ஆம் ஆண்டு ஆங்கில நூலை ஒரு கூட்டலிலும் அவருடைய தமிழ் நூல்களை வேறொரு கூட்டலிலுமே பல பட்டியல்கள் வைத்திருக்கின்றன. ஒரு கூட்டலில் கிடைக்கவில்லை என்பதால் நூலே இல்லையென்று எழுதிவிட்டவர்களை நான் கண்டிருக்கின்றேன்.

அடுத்தது எழுத்துரு. பெற்றோர்களே, இது உங்கள் தலைமுறையின் சிக்கல். எம்மவர் புலம்பெயர் நாடுகளிலே கணினியில் தமிழ் எழுதத் தொடங்கியபோது எமக்குக் கைகொடுத்தது பாமினி எழுத்துரு. கலைவிழா அழைப்பிதழ், பாடசாலைச் சுற்றறிக்கை, இரங்கற்பா, துண்டுப்பிரசுரம் அனைத்தும் பாமினியிலேயே அமைந்தன. ஆனால் பாமினி கணினிக்குத் தமிழைக் கற்பிக்கவில்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் முகமூடி அணிவித்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும். தேடுபொறியும் அதனைத் தமிழென்று அறியாது. ஆகவே நீங்கள் இருபது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்தவை தேடினால் அகப்படாதவை. ஒருங்குறி முறையிலே 1991 ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கு இடமுண்டு. விண்டோஸ் 2000 பதிப்பிலிருந்து அது இயங்குதளத்துக்குள்ளும் வந்தது. பழைய கோப்புகளை மாற்றுவதற்குப் பொங்குதமிழ் போன்ற இலவச எழுத்துரு மாற்றிகள் எம்மவராலேயே உருவாக்கப்பட்டன. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் இடங்கள் சில இருக்கும்.

எங்கே தேடுவது என்ற கேள்விக்கு வருகின்றேன். இதிலே நோர்வேயில் வாழும் மாணவர் பேறுபெற்றவர். நோர்வே தேசிய நூலகம் 2006 ஆம் ஆண்டு தன்னிடமுள்ள அனைத்தையும் மின்வடிவாக்கும் பணியைத் தொடங்கியது. 'புக்ஹில்லா', அதாவது புத்தகத் தட்டு, என்ற சேவை 2009 இல் ஆரம்பமானது. உரிமையாளர் சங்கத்தோடு 2012 இல் செய்து கொண்ட உடன்பாட்டின்படி 2000 ஆம் ஆண்டு வரை நோர்வேயில் வெளிவந்த நூல்கள், பதிப்புரிமை முடியாதவை உட்பட, இந்நாட்டு இணைய முகவரியிலிருந்து படிக்கக் கிடைத்தன. இவ்வாறு ஒரு நாட்டின் நூல்கள் ஏறத்தாழ முழுமையாக அதன் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டமை உலகில் மிக அரிது. மேலும் அங்கே சொல் அலைவெண் காட்டும் கருவியொன்றும் உண்டு. ஒரு சொல் எந்த ஆண்டுகளில் நோர்வேஜிய நூல்களிலும் பத்திரிகைகளிலும் எவ்வளவு வந்தது என்பதனை வரைபாகக் காட்டும். 'தமிழர்' என்பதன் நோர்வேஜியச் சொல்லை அதிலே இட்டுப் பாருங்கள். எமது மக்களைப் பற்றி இந்நாடு எப்போது பேசியது, எப்போது மௌனமாயிருந்தது என்பதே ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் போதிய வினா.

ஆனால் எச்சரிக்கை. அவ்வாறு தேடும்போது 1990 களின் முற்பகுதியிலே கிடைப்பவற்றுள் ஒரு பகுதி எம்மைப் பற்றியதன்று, டென்மார்க்கைப் பற்றியது. 1987 ஆம் ஆண்டு டென்மார்க்கின் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் தமிழ் ஏதிலிகளின் குடும்ப இணைவை நிறுத்திவைத்தார். அது சட்டவிரோதமென விசாரணை அறிக்கை கூறியதன் விளைவாக 1993 சனவரியிலே பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995 இலே முன்னாள் அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டென்மார்க்கிலே இது 'தமிழர் வழக்கு' என்ற பெயரிலேயே வழங்குகின்றது. வரைபில் மேடு தெரிந்தவுடன் 'அவ்வாண்டில் நோர்வேயில் தமிழர் எண்ணிக்கை பெருகியது' என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு மேட்டின் கீழும் எந்தப் பக்கம் கிடக்கின்றது என்பதைத் திறந்து படிக்க வேண்டும்.

கட்டுரைகளுக்கு: கூகிள் ஸ்கொலர், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலே 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட திறந்த ஆய்விதழ்களின் பட்டியல், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் வைக்கப்பட்டுள்ள 'டுவோ' காப்பகம். எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களையும் ஒருசேரத் தேடுவதற்கு 'ஊரியா'. கட்டுரை பூட்டப்பட்டிருந்தால் இணையத் திருட்டுத் தளங்களுக்குப் போகவேண்டாம். நூலாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலும் அனுப்பி வைப்பார்கள். எழுதப் பழகுவதற்கு நோர்வேயின் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடாத்தும் 'ஸூக் ஓ ஸ்க்ரீவ்' பக்கத்தைப் படியுங்கள். நோர்வேஜியச் சொல்லுக்கு இலவச அகராதிகள் உள்ளன. தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிக்காகோப் பல்கலைக்கழகத் தளத்திலே தேடக்கூடிய வடிவில் கிடைக்கின்றது.

இலங்கையில் நோர்வே ஆற்றிய பங்கு பற்றி எழுத விரும்பும் இளையோர் பலர் இருக்கின்றீர்கள். 2002 பெப்ரவரி 22 ஆந் திகதிப் போர்நிறுத்த உடன்பாட்டைப் பற்றி வீட்டிலே சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். அம்முயற்சிகள் குறித்து நோர்வே அரசே வெளியாரைக் கொண்டு செய்வித்த மதிப்பீட்டு அறிக்கை 2011 இல் நூராட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பேர்கனிலுள்ள கிறிஸ்டியன் மிக்கல்சன் நிறுவனமும் இலண்டன் சோவாஸ் கல்லூரியும் சேர்ந்து எழுதிய அவ்வறிக்கை முழுமையாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றது. அதனோடு உடன்படுவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். படிக்காமல் மறுப்பது மட்டும் கூடாது. ஒய்விண்ட் பூக்லருட் அவர்கள் நோர்வேவாழ் தமிழரைப் பற்றி 1999 இலே எழுதிய நூலுக்கும் இது பொருந்தும். எம்மைப் பற்றிப் பிறர் எழுதியவையே நூலகத் தட்டுகளில் நிற்கின்றன. அவற்றைத் திருத்தி எழுதக்கூடியவர்கள் அவற்றை வரிவரியாகப் படித்தவர்களே.

தமிழ் மூலங்களுக்கு 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும், ஈழத்து எழுத்துகளுக்கு 2005 இல் உருவான நூலகம் இணையத்தளத்தையும் நாடுங்கள். மதுரைத் திட்டத்தை முன்னின்று நடாத்திய கலாநிதி கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லோசானிலே பணிபுரிந்த ஓர் அறிவியலாளர். ஓய்வு நேரத்தில் செய்த பணி அது. நூலகம் தளத்திலே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் அடிக்குறிப்பில் அவ்வெண்ணையும் எழுதினால் படிப்பவர் உடனே சென்று சரிபார்க்கலாம். 1981 மே 31 இரவும் யூன் 1 உம் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன என்பதனை இங்குள்ள பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளையோருக்கு ஒன்றை மட்டும் சொல்கின்றேன்: அங்கே எரிந்தவற்றுள் வேறு பிரதியே இல்லாதவையும் இருந்தன. அந்நிகழ்வைப் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் தேடும் பழைய சான்றுகளில் சில, அத்தீயிலேயே போயிருக்கக் கூடும்.

தீ மட்டுமே நூலகத்தை அழிப்பதில்லை. 2023 ஒக்ரோபரிலே பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, பட்டியலும் ஆய்வேட்டுச் சேவையும் மாதக்கணக்கில் இயங்காமற் போயின. மறு ஆண்டு ஒக்ரோபரிலே இணைய ஆவணக் காப்பகமும் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. இணையத்தில் இருக்கின்றது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தேவையானதைத் தரவிறக்குங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு வீட்டில். உங்கள் ஆய்வேட்டுக்கும் இதுவே விதி.

எழுதும் மென்பொருளைப் பற்றி விரிவாகப் பேசப் போவதில்லை. 2010 இல் ஓபன் ஒபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஒபிஸ் போதுமானது. நோர்வேஜிய இரு வடிவங்களுக்கும் எழுத்துப் பிழை திருத்தி அதற்குக் கிடைக்கின்றது. பல்கலைக்கழகம் தரும் வேர்டு படிப்பு முடிந்ததும் நின்றுவிடும் என்பதை மறவாதீர்கள். கணிதமும் இயற்பியலும் பயில்வோர் லாரெக் கற்கத்தான் வேண்டும். புள்ளியியலுக்கு ஆர், நிலவரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ். கியூஜிஐஎஸ் கட்டப்பட்டுள்ள அடித்தளமான கியூற் என்பது 1994 இல் ஒஸ்லோவிலே தொடங்கிய ட்ரொல்ரெக் நிறுவனத்தின் ஆக்கம். இந்நகரத்து நிறுவனமொன்றின் நிரலைக் கொண்டு யாழ்ப்பாணத்துக் குளங்களை வரைபடமாக்க முடியும் என்பது எனக்கு ஏனோ மகிழ்ச்சி தருகின்றது.

இனிச் சற்றுக் கடினமான பகுதிக்கு வருகின்றேன்.

2024 சனவரியிலே இந்நாட்டின் ஆராய்ச்சி, உயர்கல்வி அமைச்சர் சண்ட்ரா போர்க் பதவி விலகினார். அவருடைய முதுமாணி ஆய்வேட்டிலே பிறருடைய ஆய்வேடுகளிலிருந்து மேற்கோள் காட்டாமல் எடுக்கப்பட்ட பகுதிகள் இருந்தமை வெளிவந்தது. தன் எழுத்தையே மீண்டும் பயன்படுத்திய மாணவி ஒருவருக்கு எதிராக அவருடைய அமைச்சு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்த வேளை அது. அவ்வாண்டு ஏப்ரலிலே சுகாதார அமைச்சர் இங்வில் ஷேர்கொல்லும் பதவியிழந்தார். அவருடைய முதுமாணி ஆய்வேட்டை நூர்ட் பல்கலைக்கழகம் செல்லாததாக்கியது. அமைச்சர்களுக்கே இந்நிலை எனின், இரண்டு தவணை நீக்கப்பட்டு மறுபடி தொடங்கும் ஒரு தமிழ் மாணவருக்கு என்ன நேரும் என்பதனை எண்ணிப் பாருங்கள். எமது சமூகத்திலே அது வெளியே தெரியாது. பெற்றோருக்கே பல வேளைகளில் தெரியாது. பிள்ளை ஒவ்வொரு காலையும் பையைத் தூக்கிக் கொண்டு போவான்.

இவற்றுள் பல திருட்டல்ல, ஒழுங்கின்மை. ஒரு பந்தியைப் படியெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டுவது. மூன்று மாதத்தின் பின் அது தன் வசனமா பிறர் வசனமா என்பது மறந்து போவது. ஆதலாற்றான் ஸொட்டேரோவில் குறிப்பெடுக்கச் சொல்கின்றேன். அதிலே எடுக்கும் குறிப்பு அந்நூலோடும் அப்பக்கத்தோடும் கட்டுண்டே கிடக்கும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சிலே துறொம்சோ நகரசபை தன் பாடசாலைகளை மூடுவது பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. அதிலே சான்றாகக் காட்டப்பட்ட நூல்களும் ஆய்வுகளும் பலவும் உலகில் இல்லாதவை என்பது பின்னர் தெரியவந்தது. உரையாடி புனைந்தவற்றை அலுவலர்கள் சரிபாராமல் ஏற்றிருந்தார்கள். அப்பொறி பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. மேற்கோள் போல் தோன்றுவது எப்படியிருக்குமோ அப்படி எழுதித் தந்தது. ஈழத்து எழுத்து போன்று இணையத்தில் குறைவாகவே உள்ள துறைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இல்லாத நூலுக்கு இருந்த எழுத்தாளரின் பெயரை அது தயங்காமல் ஒட்டிவிடும். நீங்கள் கையில் எடுத்துத் திறந்து பார்க்காத எதனையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். வினாவைத் தெளிவாக்கவும் நோர்வேஜிய வசனத்தைச் செப்பனிடவும் அதனைப் பயன்படுத்துவதானால் உங்கள் கல்விநிலையத்தின் விதியை முதலிற் படித்து, பயன்படுத்தியதையும் எழுதிவிடுங்கள்.

முதலிலே ஒரு தாயின் வாக்குமூலம் என்றேன் அல்லவா. எமது இளையோர் பலர் தம் ஆய்வுக்காகப் பெற்றோரையும் அவர்தம் நண்பர்களையும் நேர்காணல் செய்கின்றார்கள். 1980 களிலே நாட்டார் உயர்பாடசாலைக்கென்று வந்தவர்கள், வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளிலே வேலை செய்தவர்கள், பின்னர் வந்த ஏதிலிகள். மிக நல்ல முயற்சி. ஆனால் அக்குரலைக் கைத்தொலைபேசியில் பதிந்து, எழுத்தாக்குவதற்கென இணையத்தில் அகப்படும் ஏதோவோர் இலவசச் சேவைக்குள் ஏற்றிவிடுகின்றார்கள். அக்குரலிலே ஊர்ப்பெயர் இருக்கின்றது. இன்னும் அங்கே வாழும் தம்பியின் பெயர் இருக்கின்றது. எந்த முகாமில் என்ன நடந்தது என்பது இருக்கின்றது. அக்கோப்பு எந்நாட்டுக் கணினியில் போய் நிற்கின்றது, யார் கேட்கின்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் அனுமதி கேட்டீர்களா? ஊரிலுள்ள மாமாவிடம்?

நோர்வேயிலே இதற்குச் சட்டமும் வழியும் உண்டு. தனிநபர் தகவலைக் கையாளும் மாணவ ஆய்வுகளைத் தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு முப்பது நாட்களுக்கு முன்னரே 'சிக்ட்' நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் 'நெத்ஷேமா' சேவைக்கென ஒலிப்பதிவுச் செயலி உண்டு. பதிந்த குரல் தொலைபேசியில் தங்காமல் பாதுகாப்பாகச் சென்றுவிடும். எழுத்தாக்கத்துக்கு 2022 இலே வெளியான விஸ்பர் என்ற திறந்த மென்பொருள் இருக்கின்றது. அதனை இணையத் தொடர்பின்றி உங்கள் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். நோர்வேஜிய மொழிக்கென தேசிய நூலகம் அதனை மேலும் பயிற்றி வெளியிட்டுள்ளது. தமிழையும் அது எழுதும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே நன்றாகவே தடுமாறும். திருத்துவதற்கு அம்மாவையே பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள். இலவசத்துக்கும் கட்டற்றதுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உயிர் பெறுகின்றது. முன்னையது அம்மாவின் குரலை வாங்கிக்கொண்டு எழுத்தைத் தருகின்றது. பின்னையது உங்கள் மேசையில் இருந்தபடியே வேலை செய்கின்றது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோர்வேயில் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் அச்சுப் பிரசுரங்கள் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். தமிழில் அச்சிடப்பட்டதும் இதில் அடங்கும். மோ இ ரானாவிலே மலையைக் குடைந்து கட்டிய களஞ்சியத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. 1980 களின் பிற்பகுதியிலிருந்து 'சுவடுகள்', 'சக்தி' முதலாய சஞ்சிகைகள் இந்நாட்டிலிருந்து வெளிவந்தன. அவற்றைப் போல எத்தனையோ மலர்களும் கையெழுத்து இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் உங்கள் நிலக்கீழ் அறைகளிலே, பழைய வாழைப்பழப் பெட்டிகளுக்குள்ளே கிடக்கின்றன. வீடு மாறும்போது அவற்றை எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அழைத்து, மேசை விளக்கின் கீழே கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். முதற் படத்திலே அட்டையும், இரண்டாவதிலே வெளியிட்டவர் பெயரும் ஆண்டும் உள்ள பக்கமும் இருக்கட்டும். ஆண்டு அச்சிடப்பட்டிராவிட்டால், உங்களுக்கு நினைவிருக்கும் ஆண்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். அந்த ஆண்டை உங்களையன்றி வேறெவரும் அறியார்.

மண்டபத்தின் பின்புறத்தில் இரண்டு கணினிகளிலே ஸொட்டேரோ திறந்து வைக்கப்பட்டுள்ளது. தேநீருக்குப் பின்னர் இளையோர் தம் மடிக்கணினிகளோடு அங்கே வரலாம். பழைய பாமினிக் கோப்புகளைக் கொண்டு வந்திருக்கும் பெற்றோரும் வரலாம்.